மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதற்கு முன்

பக்கத்து வீட்டு அக்கா ஒரு நோட்டீஸை நீட்டினார். "தம்பி, ஒரே மாசத்துல குடியை நிறுத்திடுவாங்களாம். இவரைச் சேர்த்துடலாமா?" சிரிக்கிற குடும்பப் படம், கீழே செல் நம்பர். பதிவு எண் இல்லை. ஆலோசகர் என்ன படித்தவர் என்றும் இல்லை.

அமெரிக்காவில் போதை ஆலோசகருக்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி உண்டு. பெரும்பாலும் படிப்பு, மூத்தவர் மேற்பார்வையில் வேலை, அப்புறம் தேர்வு. உரிமம் வாங்கிய பிறகும் தொடர்ந்து படித்துப் புதுப்பிக்க வேண்டும். நம் மன்னார்குடிப் பக்கம் ஆலோசகர் என்று போர்டு மாட்ட அந்தக் கெடுபிடி இல்லை. அது எனக்குப் பெரிய வருத்தம்.

ஆனால் மையத்துக்குச் சட்டம் இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதையால் வரும் மனப் பாதிப்பையும் மனநோய் வரையறைக்குள் வைக்கிறது. மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்யாமல் அப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தரக் கூடாது. மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொண்டால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவைக் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

பல வருஷம் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் சில நாளிலேயே கை நடுங்கும், வலிப்பு வரலாம், இல்லாத ஆளைப் பார்த்துப் பேசலாம். உயிரே போகலாம். டாக்டர் இல்லாத கட்டடத்தில் அவரைப் பூட்டி வைப்பது கொடுமை.

அக்காவை முதலில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 14446 போதை மீட்பு உதவி எண். இரண்டும் இலவசம்.