கேட்டுக்கு இருக்கிற மரியாதை

சென்னை கே.கே. நகரில் நாங்கள் இருக்கும் தெருவில் பிளாட்பாரம் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "எங்க சார் இருக்கு பிளாட்பாரம்?" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். இருக்கிறது. இரண்டு பக்கமும் இருக்கிறது. சிமென்ட் கல் பதித்து, ஓரக்கல்லுக்கு மஞ்சளும் கறுப்புமாக பெயின்ட் அடித்து, நானும் என் மனைவியும் பேசிக்கொண்டே சேர்ந்து நடக்கிற அளவுக்கு அகலமாக இருக்கிறது. அதில் நடக்கத்தான் முடியவில்லை.

நான் மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து மீட்டரைப் பார்த்து வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போவாரே, அவர்தான். வேலை முழுக்க நடைதான். வெயில், நாய், திறக்காத கேட் என்று எல்லாவற்றையும் பற்றி வீட்டில் வந்து புலம்பியிருக்கிறேன். பிளாட்பாரத்தில் நிற்கிற வண்டியைப் பற்றிப் புலம்பியதாக ஞாபகம் இல்லை. வண்டி நின்றால் சுற்றிக்கொண்டு போய்விடுவோம், அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது? இப்போது எங்களோடு ஒரு வாக்கரும் வருகிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

என் மனைவிக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் ஆனது. வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் படிப்பாடம் எடுத்தாள். "மேல இருக்கறது சொர்க்கம், அதுக்கு நல்ல கால் முதல்ல. கீழ நரகம், அதுக்கு ஆபரேஷன் ஆன கால் முதல்ல. மாத்திடாதீங்கம்மா." பிறகு, படியை ரொம்ப இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம், காலையும் மாலையும் சமதரையில் நடந்தால் போதும் என்றாள். சமதரைக்கு எங்கே போவது? எங்கள் அபார்ட்மென்ட்டில் ஸ்டில்ட், அதாவது கீழ்த்தள பார்க்கிங், முழுக்கக் கார். மொட்டை மாடிக்குப் போனால் வெயில், துணிக்கொடி, டிஷ் ஆன்டெனா ஒயர். வாசலில்தான் அத்தனை நல்ல பிளாட்பாரம் இருக்கிறதே என்று கிளம்பினோம்.

மூன்றாவது வீட்டு வாசலில் ஒரு வெள்ளை எஸ்யூவி. இடது பக்கச் சக்கரம் இரண்டும் பிளாட்பாரத்தின் மேலே, வலது பக்கம் இரண்டும் ரோட்டில், வண்டியே ஒருக்களித்துப் படுத்த மாதிரி. கண்ணாடிக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் நான் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் போகலாம். வாக்கர் போகாது.

அதனால் இறங்க வேண்டும். பிளாட்பாரத்தின் ஓரக்கல் 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்கிறது சாலைகளுக்குத் தரம் வகுக்கிற அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி. எங்கள் தெருவில் டேப் வைத்து அளந்தேன்: 24. முதலில் வாக்கரைக் கீழே ரோட்டில் வைக்க வேண்டும். மழைநீர் வடிகால் மூடி ஒன்று அங்கே மேடாகத் துருத்திக்கொண்டிருப்பதால் வாக்கரின் நாலு காலில் ஒன்று எப்போதும் அந்தரத்தில் நிற்கும். அதைச் சரிபார்த்துப் பாரத்தைக் கைக்கு மாற்றி, ஆபரேஷன் ஆன காலை இறக்கி, அப்புறம் மற்ற காலை இறக்க வேண்டும். அதற்குள் பின்னால் ஆட்டோ வந்து ஹார்ன் அடிக்கும். காரின் நீளம் முழுக்க ரோட்டில் நடக்க வேண்டும். கதவு திறக்குமோ என்று ஒரு கண், பின்னால் வருகிற பைக் மேல் ஒரு கண். கார் முடிந்ததும் வாக்கரை மேலே வைத்து, நல்ல காலை ஏற்றி, இடுப்பைத் தூக்கி, ஆபரேஷன் ஆன காலை இழுத்துக்கொள்ள வேண்டும். எதிரே வருகிறவர்கள் பரிதாபமாகப் பார்ப்பார்கள், அவளுக்கு அது பிடிக்காது.

அடுத்து ஒரு ஸ்விஃப்ட். மறுபடியும் நரகம், மறுபடியும் சொர்க்கம்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இந்த விஷயம் தெரியவே வாய்ப்பில்லை. "கொஞ்சம் சுத்திப் போனா என்ன?" என்று கேட்கும்போது அவர்கள் மனதில் இருப்பது நாலு எட்டு கூடுதல் தூரம். தூரம் ஒரு பொருட்டே இல்லை. ஒரு காருக்கு ஒரு இறக்கமும் ஒரு ஏற்றமும் ஆகிறது. தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் மாடிப்படி ஏறி இறங்கியது போல மூச்சு வாங்குகிறாள். எதை ரொம்ப வேண்டாம் என்று பிசியோ சொன்னாளோ, அதை.

அந்த வெள்ளை வண்டியின் சொந்தக்காரப் பையனிடம் ஒருநாள் கேட்டேன். நல்ல பையன், கோயில் விசேஷத்துக்குச் சுண்டல் எல்லாம் கொண்டுவந்து கொடுப்பான்.

"தம்பி, வண்டியைக் கொஞ்சம் ரோட்டுலயே விடக் கூடாதா? ஆன்ட்டிக்கு இறங்கி ஏற முடியல."

"ரோட்டுல விட்டா எல்லாருக்கும் இடைஞ்சல் அங்கிள். அதனாலதான் பாதி மேல ஏத்தி ஓரமா விடறேன்."

அவன் சமாளிக்கவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறான். வண்டியை ஏற்றி நிறுத்துவது அவன் கணக்கில் மற்றவர்களுக்குச் செய்கிற உபகாரம். அந்த ‘எல்லாரும்’ எல்லாரும் வண்டியில் போகிறவர்கள். நான் சொன்னதற்கு அப்புறம் சில நாள் ரோட்டிலேயே நிறுத்தினான். ஒரு தண்ணீர் லாரி கண்ணாடியை உரசிவிட்டுப் போனது. மறுபடி மேலே ஏற்றிவிட்டான். அவன் மேல் கோபப்படவும் முடியவில்லை.

இதே தெருவில் கேட்டுகளைப் பாருங்கள். ‘கேட்டின் முன் வாகனங்களை நிறுத்தாதீர்’, ‘நோ பார்க்கிங்: மீறினால் காற்று இறக்கப்படும்’, ஒரு வீட்டில் ‘டயர் பஞ்சர் செய்யப்படும்’ என்றே எழுதியிருக்கிறது. எல்லாரும் மதிக்கிறார்கள். எவ்வளவு அவசரமாக வருகிற கொரியர் பையனும் கேட்டை விட்டுத் தள்ளித்தான் வண்டியை நிறுத்துகிறான். ஏனென்றால் கேட்டுக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார், வந்து கத்துவார். இரண்டு கேட்டுக்கு நடுவில் இருக்கும் பிளாட்பாரத்துக்கு ஆள் இல்லை. அதில் நடக்கிறவர் கடந்து போய்விடுகிறவர், திரும்பி வந்து சண்டை போட மாட்டார். கேட்டுக்கு போர்டு மாட்டுகிற அதே வீட்டுக்காரர் தன் இரண்டாவது காரைத் தன் காம்பவுண்டு சுவரை ஒட்டிப் பிளாட்பாரத்தில்தான் விடுகிறார். வீட்டுக்கு எதிரில் இருப்பது பத்திரத்தில் இல்லாவிட்டாலும் பாத்தியதையில் உண்டு என்று நம் ஊரில் ஒரு எண்ணம். சிலர் பூந்தொட்டி வைத்து, சங்கிலி போட்டு இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

என் பழைய தொழில் சம்பந்தமாக ஒன்று சொல்ல வேண்டும். சென்னையில் தரையடிக் கேபிள் போகும் தெருக்களில் பிளாட்பாரத்தில் பில்லர் பாக்ஸ் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தெருவுக்கே கரன்ட் பிரிந்து போவது அதிலிருந்துதான். ராத்திரி பியூஸ் போனால் வயர்மேன் வந்து அதன் கதவைத் திறந்தாக வேண்டும். கதவை ஒட்டிக் கார் நின்றால் எப்படித் திறப்பது? டார்ச் லைட்டோடு வயர்மேன் வீடு வீடாகப் போய் "இந்த வண்டி யாருது சார்?" என்று மணி அடித்ததை என் சர்வீஸில் பார்த்திருக்கிறேன். மணி அடிக்காது, கரன்ட் இல்லையே! கேட்டைத் தட்டுவார். உள்ளே இருக்கிற ஆள் இன்வெர்ட்டர் ஃபேனில் தூங்கிக்கொண்டிருப்பார், அவர் வண்டியாகத்தான் அது இருக்கும்.

கல்லும் பாழாகிறது. நடைபாதைக்குப் போடுகிற கல் ஆள் பாரத்துக்குப் போடுவது, மணல் படுக்கையில் உட்கார்ந்திருப்பது. காரின் சக்கரம் தினம் ஏறினால் அமுங்கி ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். வெயில் நாளில் தெரியாது. மழை பெய்த மறுநாள் அந்தக் கல்லின் மேல் காலை வைத்தால் அடியிலிருந்து சேறு பீய்ச்சி முழங்கால் வரை அடிக்கும். அப்புறம் "கார்ப்பரேஷன் போட்ட லட்சணம்" என்று வண்டிக்காரர்தான் முதலில் சொல்வார்.

பிரதான சாலைகளில் பார்வையில்லாதவர்கள் கோலால் தடவிப் போவதற்காக மஞ்சள் நிறத்தில் வரிவரியாக மேடு வைத்த கல் பதித்திருக்கிறார்கள். அந்த மஞ்சள் கோட்டை பைக்காரர்கள் வரிசை தப்பாமல் வண்டி நிறுத்தப் பயன்படுத்துகிறார்கள். பைக் கடைசியில் எங்கே முடிகிறது என்று அந்தக் கோலுக்கு எப்படித் தெரியும்?

சட்டம் இல்லாமல் இல்லை. நடைபாதையில் வண்டி நிறுத்தக் கூடாது என்று மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகளிலேயே இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் முதல் முறை 500 ரூபாய், அடுத்த முறை 1,500. சென்னை மாநகராட்சி 2014லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் தனிக் கொள்கை கொண்டுவந்தது, போக்குவரத்துக்கு ஒதுக்குகிற பணத்தில் குறைந்தது 60 சதவீதம் அதற்குத்தான் என்று. எங்கள் தெருவின் அழகான பிளாட்பாரமும் அந்தப் புண்ணியத்தில் வந்ததாக இருக்கலாம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தருகிற வாழ்வுரிமையில் அடங்கும், மாற்றுத்திறனாளிகளும் போகும்படி அது இருக்க வேண்டும் என்றது. அந்த வழக்கு 2012ல் போட்டது. போட்டவர் கோயம்புத்தூர் எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன். மூட்டு ஆபரேஷன் நடந்த வீட்டில் இதைப் படிக்கும்போது ஒரு தனி மரியாதை வரத்தான் செய்கிறது. 2023ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1.72 லட்சத்துக்கும் மேல். அதில் 35 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் நடந்து போனவர்கள். ஓரமாகத்தானே போயிருப்பார்கள் அவர்களில் பலரும்?

நானும் புகார் கொடுத்தேன், போட்டோவோடு. ‘உங்கள் புகார் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டது’ என்று செய்தி வந்தபோது அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டேதான் படித்தேன்.

பாண்டி பஜாரில் 2019ல் நடைபாதை வளாகம் திறந்தார்களே, அங்கே இரும்புத் தூண் நட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே கார் ஏற முடியாது. ஜனங்கள் நடக்கிறார்கள், குழந்தைகள் ஓடுகின்றன, பெரியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். அறிவுரையால் ஆகாதது தூணால் ஆகிறது. பைக் விஷயம் வேறு. சக்கர நாற்காலி நுழைய வேண்டும் என்று இடைவெளி விட்டால் அதில் புல்லட்டும் நுழையும். அதற்குப் போலீஸ்காரர்தான் வர வேண்டும். தெருத் தெருவாகத் தூண் நடவும் முடியாது, கேட்டுக்குக் கேட்டு வழி விட்டே தீர வேண்டும்.

பக்கத்தில் ஒரு பார்க் இருக்கிறது. காலை ஐந்தரைக்கே வாக்கிங் கூட்டம் வந்துவிடும். வருவது காரில். பார்க்கைச் சுற்றியுள்ள பிளாட்பாரம் முழுக்க வண்டியை ஏற்றி நிறுத்திவிட்டு, உள்ளே போய் எட்டுப் போட்டு நடக்கிறார்கள். சர்க்கரை குறைய வேண்டுமாம். அவர்கள் உள்ளே நடக்கட்டும் என்று நாங்கள் வெளியே ரோட்டில் நடக்கிறோம்.

அந்தப் பார்க் வாசலில் பூ விற்கிற அம்மாவைப் பற்றிப் பலரும் ஆக்கிரமிப்பு என்று சொல்கிறார்கள். அவள் கூடை எடுத்துக்கொள்வது இரண்டு அடி. வாக்கர் வருவதைப் பார்த்தால் தானே கூடையை உள்ளே இழுத்துக்கொள்வாள். ஆக்கிரமிப்பை அகற்றுகிற லாரி வந்தால் அவள்தான் ஓட வேண்டியிருக்கிறது, பக்கத்தில் நிற்கிற காரை யாரும் தொடுவதில்லை.

இவ்வளவும் யோசித்த பிறகு எங்கள் அபார்ட்மென்ட் கேட்டிலேயே தொங்குகிற ஒரு போர்டு கண்ணில் பட்டது. ‘விசிட்டர்கள் வாகனங்களை வெளியே நிறுத்தவும்.’ நகரம் முழுக்க இருக்கிற போர்டுதான். வெளியே என்றால் எங்கே? அந்த போர்டை எழுதியவர் பிளாட்பாரத்தைத்தான் மனதில் வைத்து எழுதியிருக்கிறார், வேறு வெளி எது? காலை ஒன்பதரைக்கு ஆபீஸ் போகிறவர்கள் கிளம்பிவிட்டால் எங்கள் ஸ்டில்ட்டில் பாதி காலி, சாயங்காலம் வரைக்கும் பூனைதான் படுத்திருக்கும். அதே நேரத்தில் வாசல் பிளாட்பாரத்தில் விருந்தாளி கார், ஏசி மெக்கானிக் வேன், பிசியோ பெண்ணின் ஸ்கூட்டி! அவளும் வேறு எங்கே விடுவாள், பாவம்.

பகலில் காலியாக இருக்கும் இடத்தில் விசிட்டர் வண்டியை உள்ளே விடலாம், வாட்ச்மேன் நோட்டில் நம்பர் எழுதிக்கொள்ளட்டும் என்று சங்கச் செயலாளரிடம் சொன்னேன். வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டேன். "என் ஸ்லாட் நான் காசு கொடுத்து வாங்கினது" என்று இரண்டாவது மாடியிலிருந்து உடனே பதில் வந்தது. "கீறல் விழுந்தா யார் பொறுப்பு?" என்றார் இன்னொருவர். நாலு பேர் கட்டைவிரல் போட்டார்கள், எந்தப் பக்கத்துக்கு என்று தெரியவில்லை. செயலாளர் நிதானமான மனிதர். வரும் கூட்டத்தில் வைப்போம் என்றார். அஜெண்டா வந்துவிட்டது: மோட்டார் ரிப்பேர், சம்ப் சுத்தம் செய்வது, சிசிடிவி, இதர விஷயங்கள். நாங்கள் ‘இதர’வில் இருக்கிறோம்.

மனைவியிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தாள்.

"கூட்டம் கீழ பார்க்கிங்லதானங்க போடுவாங்க?" என்றாள். "நாற்காலி போட இடம் வேணுமே. அன்னிக்கு எல்லா காரையும் எடுத்து எங்க விடுவாங்க?"