தாத்தாவின் தூண்டிலில் ஒரு வெட்டு

இன்று காலை, தென்னாப்பிரிக்காவின் டர்பனில், உம்கேனி ஆறு கடலோடு கலக்கும் புளூ லகூனில், தாத்தாவின் மூங்கில் தூண்டிலை என் மகன் முதன்முறையாகக் கையில் பிடித்தான்.

அடி நுனியிலிருந்து சரியாக 30 செ.மீ. தள்ளி, கத்தியால் கீறிய ஒரு வெட்டு அதில் இருக்கிறது.

பிடித்த ஷாட் மீனைத் தாத்தா அந்தக் கோலோடு சேர்த்துக் கிடத்திப் பார்ப்பார். வால் நுனி வெட்டைத் தொடாவிட்டால், ஈரக் கையால் கொக்கியைக் கழற்றித் தண்ணீரில் விட்டுவிடுவார். நாளுக்கு நான்கு மீன், அக்டோபரிலும் நவம்பரிலும் ஒன்றுகூடக் கிடையாது என்ற சட்டத்தை, கண்காணிக்க ஆளில்லாத விடியற்காலையிலும் அவர் மீறியதில்லை.

இரண்டாம் உலகப் போரில் தென்னாப்பிரிக்க ராணுவத்தின் இந்திய மலாய்ப் படைப்பிரிவில் சேர்ந்த நம்மவர்களுக்குத் துப்பாக்கி தரவில்லை. லாரி ஓட்டவும் காயம்பட்டவர்களைத் தூக்கவும் அனுப்பினார்கள். 1942 ஜூன் 21 அன்று லிபியாவின் டோப்ரூக் நகரம் வீழ்ந்தபோது கைதானவர்களில் தாத்தாவும் ஒருவர். முகாம் நாட்களைப் பற்றி அவர் வாய் திறந்ததே இல்லை.

உயிரோடு டர்பனுக்குத் திரும்பிய அந்த மனிதரை, பொது இடங்களை இனவாரியாகப் பிரித்த, 1953-இல் வந்த தனி வசதிகள் சட்டம் சொந்த ஊர்க் கடற்கரையிலேயே ஒதுக்கி வைத்தது. சட்டம் என்ற சொல்லையே வெறுக்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

பிறகு ஏன் இந்த மீன் சட்டத்தை மட்டும் மதிக்கிறீர்கள் என்று கேட்டால், “குஞ்சு என்ன பாவம் பண்ணுச்சு, தம்பி?” என்பார்.

இன்று மாட்டிய ஒரே மீன் வெட்டுக்கு இரண்டு விரல் குறைவு. நான் எதுவும் சொல்வதற்குள், மகன் குனிந்து கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டான்.