கல்லட்டியின் இடப்பக்க வளைவுகள்

சென்னையில் ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். ஞாயிறு விடியற்காலை ஈசிஆரில் சைக்கிளில் கிளம்பி மாமல்லபுரம் போய்த் திரும்புகிற எங்கள் கூட்டத்துக்குக் கடற்காற்றுதான் மலை. எதிர்க்காற்றில் குனிந்துகொண்டு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகத் தெரிந்தால் மலையும் ஏறிவிடலாம் என்ற நினைப்பில்தான் டூர் ஆஃப் நீலகிரிஸ் என்ற பல நாள் சைக்கிள் பயணத்துக்குப் பெயர் கொடுத்தேன். ஒத்திகைக்கு ஏலகிரிக்கு இரண்டு தடவை போய் வந்தேன். அங்கே 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் பெயரோ வள்ளல் பெயரோ. கம்பரையும் கபிலரையும் கால் ஊன்றாமல் கடந்ததில் கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது.

அந்தத் தலைக்கனத்தில் செய்த தப்பு ஒன்று. என் சைக்கிளின் பின்சக்கரப் பல்சக்கரத்தில் பெரியது 28 பல். பின்னால் பல் கூடக் கூட ஏற்றத்தில் மிதிப்பது லேசாகும். ‘நீலகிரிக்கா? 32 போட்டுக்குங்க சார்’ என்றார் மெக்கானிக். அதைப் போட்டால் கியர் மாறும்போது சங்கிலியை நகர்த்துகிற பின் டெரெய்லியரையும் மாற்ற வேண்டும், கூடுதல் செலவு. வேண்டாம் என்றுவிட்டேன்.

இந்த டூர் 2008இல் தொடங்கியது. டிசம்பரில், எட்டு நாள், ஏறத்தாழ 900 கிலோமீட்டர். பாதை ஆண்டுக்கு ஆண்டு மாறும். எங்களுக்கு மைசூரில் தொடங்கி குடகு, வயநாடு, நீலகிரி என்று போனது. போட்டி என்றாலும் டிவியில் பார்க்கிற பிரெஞ்சுப் பந்தயம் மாதிரி காலையில் கிளம்பியதிலிருந்து மாலை வரை கடிகாரம் ஓடாது. தினம் ஒரு குறிப்பிட்ட துண்டில் மட்டும் நேரம் எடுப்பார்கள். அந்த நேரங்களைக் கூட்டித்தான் யார் முந்தியவர் என்று பார்ப்பது. மற்ற தூரமெல்லாம் டீ குடித்துக்கொண்டு, படம் எடுத்துக்கொண்டு உங்கள் இஷ்டத்துக்குப் போகலாம்.

முதல் நாளே எனக்கு இது மறந்துவிட்டது. மைசூரிலிருந்து மடிக்கேரி 120 கிலோமீட்டர். மைசூரைத் தாண்டியதும் பெங்களூர்ப் பையன்கள் நாலு பேர் முந்திப் போனார்கள். அவ்வளவுதான், அவர்களின் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டேன். ஒருவர் பின்னால் ஒட்டிப் போனால் காற்று படாது, உழைப்பு மிச்சம். ஆனால் அந்த மிச்சம் சமவெளி வரைதான். குஷால்நகர் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் அவரவர் கனத்தை அவரவரேதான் சுமக்க வேண்டும். நேரம் எடுக்கும் துண்டு வருவதற்கு முன்னாலேயே என் தொடை கட்டை மாதிரி ஆகிவிட்டது. டிசம்பர் என்பதால் காப்பித் தோட்டங்களில் பழம் பறிப்பு நடந்துகொண்டிருந்தது; வீட்டு முற்றங்களிலெல்லாம் காப்பி காயப் போட்டிருந்தார்கள். மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் மரங்கள். இதையெல்லாம் நின்று பார்த்தேன் என்று சொல்ல ஆசைதான். அன்று நான் பார்த்தது முன்னால் போனவரின் டயரை மட்டும்.

அன்று மாலை கால்களைச் சுவரில் தூக்கி வைத்துப் படுத்திருந்தபோதுதான் கோயமுத்தூர் அண்ணன் பழக்கமானார். அறுபதை நெருங்கியவர். ‘ஏனுங் தம்பி, இன்னைக்கே எல்லாத்தையும் செலவு பண்ணிட்டா கல்லட்டிக்கு என்ன வெச்சிருப்பீங்க?’ என்றார். அடுத்த இரண்டு நாளும் அவர் பக்கத்திலேயே போனேன். அவர் பேசிக்கொண்டே மிதிப்பார். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தமாம். இதயத்துடிப்பைக் காட்டும் ஹார்ட் ரேட் மானிட்டருக்கு நான் கொடுத்த காசை நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் சுல்தான் பத்தேரியில் கிளம்பி, கூடலூர், தெப்பக்காடு வழியாக மசினகுடிக்கு வந்தோம். முதுமலைக் காட்டுக்குள் யானை நடமாட்டம் உண்டென்று தனியாக விடவில்லை, கூட்டமாகத்தான் போனோம். மசினகுடியில் வெயில். மலையின் மழை மறைவுப் பக்கம் என்பதால் முட்செடியும் காய்ந்த புல்லும்தான். ஊட்டி இங்கிருந்து முப்பது கிலோமீட்டர்கூட இல்லை என்பதை நம்ப முடியாது. மசினகுடி ஆயிரம் மீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொண்டால் ஊட்டி 2240 மீட்டர். அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதியைச் சுமார் 12 கிலோமீட்டரில், 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியாக வேண்டும். அதுதான் கல்லட்டி. அன்றைய கடிகாரமும் அங்கேதான்.

ஒருவர் பின் ஒருவராக விட்டார்கள். முதல் இரண்டு வளைவுகளில் கியரைத் தட்டிப் பார்த்தேன். கடைசிக் கியரில் ஏற்கெனவே இருக்கிறேன். இல்லாத கியரைக் கை அப்புறமும் தேடிக்கொண்டே இருந்தது. முன்னால் 34 பல், பின்னால் 28. நிமிடத்துக்கு ஐம்பது சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வரும். அதற்குக் கீழே போனால் சைக்கிள் ஆட ஆரம்பித்துவிடும். எழுந்து நின்று மிதித்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டி, சைக்கிளின் மேல்குழாயில் விழுந்து, பின்பக்கமாக வழிந்து வந்தது. தண்ணீர் பின்னோக்கி ஓடுவதைப் பார்த்தபோதுதான் சாலை எவ்வளவு செங்குத்து என்று புரிந்தது.

எட்டாவதோ ஒன்பதாவதோ வளைவில் அண்ணன் வந்து சேர்ந்தார். எனக்குப் பின்னால் கிளம்பியவர். அவர் சைக்கிளில் பின்னாலேயே 34 பல். ஏதோ தையல் மெஷின் மிதிப்பவர் மாதிரி சீராக வந்தார்.

‘எந்திரிக்காதீங்க தம்பி. உக்காந்தே மிதிங்க. இடப்பக்கம் திரும்பற வளைவுல உள்ளுக்குள்ள போகாதீங்க, வண்டி வரலைன்னா வெளிய வட்டம் போடுங்க.’

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

அதுவரை இதை நான் கவனிக்கவே இல்லை. நாம் சாலையின் இடப்பக்கம் போகிறவர்கள். வலது வளைவு வந்தால் நாம் வெளிவட்டத்தில் இருப்போம். அங்கே சாலை நீண்டு, ஏற்றம் குறைந்து, நாலு மிதிக்கு மூச்சு விடலாம். இடது வளைவில் உள்வட்டத்தில் மாட்டிக்கொள்வோம். அங்கே சாலை ஏணி மாதிரி நிமிர்ந்து நிற்கும். ஆகவே ஒரு வளைவு வரம், அடுத்தது சாபம். அதற்கப்புறம் எதிரே வண்டிச் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு, இல்லையென்றால் அகல வட்டம் போட்டேன். ஒருமுறை வட்டம் போடும் நேரத்தில் மேலேயிருந்து ஒரு ஜீப் வந்துவிட, உள்பக்கமே போக வேண்டியதாயிற்று. வலது தொடை சுண்டி இழுத்தது. கால் ஊன்றிவிட்டேன். அந்தச் சரிவில் இறங்கினால் மறுபடி ஏறி, ஷூவைப் பெடலோடு பூட்டுகிற கிளீட்டை மாட்டுவது லேசில்லை. சைக்கிளைக் குறுக்கே திருப்பி, சாலையின் அகலத்தில் உருட்டித்தான் ஏறினேன். கைப்பிடிச் சுவரில் இருந்த குரங்கு ஒன்று என் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த கடலை மிட்டாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

பாதிக்கு மேல் முட்காடு போய் யூகலிப்டஸ் வாசனை வந்தது. காற்று குளிர்ந்தது. கேரட் தோட்டங்கள். வளைவுகளை எண்ணுவதை எப்போது விட்டேன் என்று தெரியவில்லை. தலைகுந்தா பக்கம் நேரம் முடிகிற கோடு வந்தபோது 1 மணி 43 நிமிடம். அண்ணன் என்னைவிடப் பதினாறு நிமிடம் முன்னால். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, டீயோடு நின்றிருந்தார்.

‘கால் ஊனுனீங்களா?’

‘ஒரு தடவைண்ணே.’

‘பரவால்ல. நான் முதல் வருசம் மூணு தடவை.’

மிச்ச நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஊட்டியிலிருந்து கிளம்பிய காலையில் இறக்கத்தில் விரல் விறைத்து பிரேக் பிடிப்பதே தெரியவில்லை. மற்றபடி நேரம் எடுக்காத இடங்களிலெல்லாம் நின்று நின்று வந்தேன். டீக்கடைகளின் எண்ணிக்கையில் மட்டும் நான்தான் முதலிடம் என்று நினைக்கிறேன். கடைசிப் பட்டியலில் நடுவுக்குக் கீழே, ஆனால் கடைசிப் பக்கத்தில் இல்லை.

சென்னை வந்து மறுநாளே மெக்கானிக்கிடம் போனேன். ‘32 போடணும்’ என்றேன். ‘34ஆவே போட்டுடலாமே சார்’ என்றார். இந்தத் தடவை தலையாட்டிவிட்டேன், டெரெய்லியருக்கும் சேர்த்து.