முப்பதுக்கு இருபத்தெட்டு

அந்த அம்மாள் ஓய்வு பெற்ற ஆசிரியை. வயது 71. நினைவாற்றல் சோதனையில் 30-க்கு 28 எடுத்தார். அறைக்கு வெளியே காத்திருந்த மகளிடம், "வயதுக்கேற்ற மறதிதான், பயப்பட வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினேன். "ஒரே கேள்வியை ஒரு நாளில் நான்கு முறை கேட்கிறார்களே?" என்றார் மகள். தாளில் இருந்த எண்ணைக் காட்டினேன். இரண்டு ஆண்டுகள் கழித்து அவர்கள் திரும்பி வந்தபோது, அம்மாளுக்குத் தான் எந்த ஆண்டில் இருக்கிறோம் என்பதே தெரியவில்லை.

மருத்துவ உளவியலாளராக என் அன்றாட வேலை இந்தச் சோதனைகள்தான். தொடர்பில்லாத 15 சொற்களை வாசிப்பேன். எதிரில் இருப்பவர் நினைவில் நின்றவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இப்படி ஐந்து முறை. அரை மணி நேரம் வேறு வேலை கொடுத்துவிட்டு, மறுபடி கேட்பேன். அல்சைமர் நோய் முதலில் கைவைப்பது பெரும்பாலும் புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் என்பதால், இந்த அரை மணி நேரத்தில்தான் நோய் பிடிபடும். அந்த அம்மாள் சொற்களைக் கோத்து ஒரு குட்டிக் கதையாக்கிச் சொன்னார். எனக்கு வியப்பாக இருந்தது. ஏழு சொற்கள் தேறின. என் அட்டவணையின்படி அது அந்த வயதின் சராசரியை ஒட்டியே இருந்தது.

ஆனால் அந்த அட்டவணை ஆண், பெண் இருபாலருக்கும் பொதுவானது. சொற்களை நினைவில் வைப்பதில் பெண்கள் வாழ்நாள் முழுவதும் சராசரியாக ஆண்களைவிட ஒரு படி மேலே இருக்கிறார்கள். நோய் தொடங்கி, மூளையின் சில பகுதிகள் சோர்ந்து, சர்க்கரையைப் பயன்படுத்தும் அளவு ஓரளவு குறைந்த பிறகும் இந்த மேன்மை நீடிப்பதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியுள்ளன. சேதம் முற்றியபின் அது மறைந்துவிடுகிறது. அதாவது, ஆணிடம் முன்பே வெளிப்படும் குறை பெண்ணிடம் மறைந்தே கிடக்கிறது. வெளிப்படும்போது வேகமாகச் சரிகிறது. அல்சைமர் நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். அவர்களுக்கே நோய் தாமதமாகக் கண்டறியப்படுகிறது என்பது என்னை இன்றும் உறுத்துகிறது.

படிப்பும் அறிவுக்கூர்மையும் இதே வேலையைச் செய்கின்றன. இதை அறிவாற்றல் சேமிப்பு என்கிறோம். 678 கன்னியாஸ்திரீகளைப் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்று உண்டு. இளம் வயதில் அவர்கள் எழுதிய தன்வரலாறுகளை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். கருத்துச் செறிவோடு எழுதியவர்களிடம் முதுமையில் அல்சைமர் குறைவாகவே காணப்பட்டது. உணவு, இருப்பிடம், வாழ்க்கை முறை எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தவர்கள் என்பதால் இந்த ஆய்வை நான் பெரிதும் மதிக்கிறேன். மூளையில் நோயின் தடயங்கள் நிறைந்திருந்தும் கடைசிவரை தெளிவாக வாழ்ந்தவர்களும் அவர்களிடையே இருந்தார்கள். ஆனால் சேமிப்பு நோயை நிறுத்துவதில்லை, வெளியே தெரியாமல் தாங்குகிறது. அது தீர்ந்தபின், அதிகம் படித்தவர்களின் சரிவு மற்றவர்களைவிட வேகமாகவே இருக்கிறது. அந்த ஆசிரியை கோத்துச் சொன்ன கதையும் அப்படி ஒரு தாங்கல்தான். அதை நலத்தின் அடையாளம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. பள்ளிக்கே போகாத ஒரு பாட்டியை, அறுவை சிகிச்சைக்கு முன் பரிசோதிக்க அனுப்பியிருந்தார்கள். அதே சோதனையில் 30-க்கு 17 மதிப்பெண். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால், ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால், பேனாவே பிடித்திராதவர் என்ன செய்வார்? வீட்டில் யாருக்கு எந்த மாத்திரை எப்போது என்பதைப் பிசகாமல் ஒப்பித்தார். அவருக்கு நோய் இல்லை. அந்த 17, சிறுமியாக இருந்தபோது அவருக்கு மறுக்கப்பட்ட வகுப்பறையின் மதிப்பெண். இளமையில் கல்வி குறைவது அல்சைமர் உள்ளிட்ட, நினைவும் சிந்தனையும் சிதையும் டிமென்ஷியா பிற்காலத்தில் வருவதற்கு ஓர் ஆபத்துக் காரணி. பெண் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திக்கொண்ட தலைமுறைகள் அவர்களிடமிருந்து இதையும் சேர்த்துத்தான் பறித்தன.

இன்னொன்றையும் அறையில் பார்த்திருக்கிறேன். கேள்வி கேட்டதும் பல ஆண்கள் பக்கத்தில் இருக்கும் மனைவியைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தத் தலைத் திருப்பலே ஓர் அறிகுறி. கணவரின் மறதியைக் கவனித்து அழைத்து வருபவர்கள் பெரும்பாலும் மனைவியர். முதிய பெண்களில் பலர் கணவரை இழந்து தனியே இருப்பவர்கள். அவர்கள் திரும்பிப் பார்க்கப் பக்கத்தில் ஆள் இருப்பதில்லை.

இப்போதெல்லாம் பெண்களுக்குத் தனியாகவும் படிப்புக்கு ஏற்பவும் உள்ள அளவுகோலோடுதான் ஒப்பிடுகிறேன். வீட்டாரிடம் முதலில் கேட்பது, "முன்பு இவர் தயங்காமல் செய்த எதை இப்போது தவிர்க்கிறார்?" என்பதை.

இரண்டாம் முறை வந்தபோது அந்த ஆசிரியை மறுபடி கதை கோக்க முயன்றார். மூன்றாவது சொல்லில் நின்றுவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் மகள் கேட்டார்: "அன்றைக்கே தெரிந்திருக்குமா?"

"உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் ஆறு மாதத்தில் மறுபடி வரச் சொல்லியிருக்க வேண்டும்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொள்ள நிறைய இருந்தது" என்றார்.