ஒரே மூச்சில் கட்டிய ஊர்

இரவு இரண்டு மணிக்கு என் இடது தோளில் மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. தொட்டிலில் விட்டால் அடுத்த நிமிடமே விழித்துக்கொள்வாள். தோளில் கிடந்தால் இரண்டு மணி நேரம் அசையமாட்டாள். முன்னிரவை மனைவி பார்த்துக்கொள்கிறாள், பின்னிரவு என்னுடையது. அந்த நேரத்தில்தான் நான் ஊர் கட்டுகிறேன்.

நின்டென்டோ ஸ்விட்ச் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியின் பின்பக்கத் தாங்கியை விரித்து, எதிரே உள்ள முக்காலியில் நிறுத்திவிடுவேன். இருபுறமும் செருகியிருக்கும் ஜாய்-கான் என்ற கைப்பிடிகளை உருவிக் கைக்கு ஒன்றாக வைத்துக்கொள்வேன். இடது கை குழந்தையின் முதுகைத் தாங்கியபடியே இருக்கும். கட்டைவிரல் மட்டும் வேலை செய்யும். ஒலியைக் குறைத்துவிட்டேன். கைப்பிடியின் அதிர்வையும் நிறுத்திவிட்டேன், ஏனென்றால் அது நேராக அவள் முதுகுக்குப் போகும். வேறு எந்த விளையாட்டையும் இப்படி ஆட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊர் கட்டும் விளையாட்டில் யாரும் நம்மைத் துரத்துவதில்லை. எப்போது வேண்டுமானாலும் காலத்தை நிறுத்தி வைத்துவிட்டு, ஒரு சாலையை எங்கே வளைப்பது என்று பத்து நிமிடம் யோசிக்கலாம்.

நான் ஆடுவது ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’. பின்லாந்தைச் சேர்ந்த கொலோசல் ஆர்டர் என்ற நிறுவனம் 2015-இல் கணினிக்காக உருவாக்கியது. ஸ்விட்சுக்கு 2018 செப்டம்பரில் வந்தது. ‘ஆஃப்டர் டார்க்’, ‘ஸ்னோஃபால்’ என்ற இரண்டு விரிவாக்கங்களும் அதிலேயே சேர்ந்திருக்கின்றன. அதனால் என் ஊரிலும் பொழுது சாய்கிறது, தெருவிளக்குகள் எரிகின்றன. இருட்டு அறையில் அந்தச் சிறிய திரையில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாகும் நேரம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

முதல் ஊரை மகள் பிறப்பதற்கு முந்தைய வாரம் கட்டினேன். விடுப்பில் இருந்தேன், கையில் நேரம் கொட்டிக் கிடந்தது. நெடுஞ்சாலையிலிருந்து ஒரு கிளை இழுத்து, கட்டம் கட்டமாகத் தெருக்கள் போட்டு, இருபுறமும் குடியிருப்புக்கான பச்சை நிறத்தைப் பூசினேன். பச்சை என்றால் வீடு, நீலம் என்றால் கடை, மஞ்சள் என்றால் தொழிற்சாலை. பூசிய மாத்திரத்தில் நெடுஞ்சாலை வழியாக மக்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். வரி பெருகியது. கடன் வாங்கி இன்னும் பூசினேன். ஒரே நாளில் ஒரு பெரிய ஊர் எழுந்து நின்றது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஆற்றைத்தான் முதலில் பார்த்தாள். “இது ஏன் பழுப்பாக இருக்கிறது?” என்று கேட்டாள். கழிவுநீர்க் குழாயை மேலே வைத்து, குடிநீர் எடுக்கும் நிலையத்தை அதற்குக் கீழே வைத்திருந்தேன். இந்த விளையாட்டில் ஆறு நிஜமாகவே ஓடுகிறது. மேலே கலந்தது கீழே வந்து சேரும். ஊரே அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தது. குழாயை இடம் மாற்றியதும் ஆறு மெல்லத் தெளிந்தது.

அது எளிதில் தீர்ந்த சிக்கல். தீராதது அதற்குப் பிறகு வந்தது.

ஒரு நாள் வீடுகளின் மேல் இறப்பைக் குறிக்கும் அடையாளம் தோன்றியது. முதலில் இரண்டு, பிறகு ஒரு தெரு முழுவதும், பிறகு ஊர் முழுவதும். இடுகாடு இருந்தது, அமரர் ஊர்திகளும் இருந்தன. ஆனால் அத்தனை வீட்டுக்கும் ஒரே சமயத்தில் புறப்பட்ட ஊர்திகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சந்திப்பில் சிக்கி நின்றன. உடலை எடுக்க ஆள் வராத வீடுகளிலிருந்து மற்றவர்கள் வெளியேறினார்கள். ஆள் போனதும் கடைகள் மூடின, வரி விழுந்தது. நோயோ விபத்தோ இல்லை. நான் எல்லா வீடுகளையும் ஒரே வீச்சில் கட்டியிருந்தேன், ஏறக்குறைய ஒரே வயதுள்ளவர்கள் ஒரே சமயத்தில் குடியேறினார்கள், ஒன்றாகவே முதுமை அடைந்தார்கள், ஒன்றாகவே போனார்கள். இதை ஆடுபவர்கள் ‘சாவு அலை’ என்கிறார்கள். அன்று என்னால் மேற்கொண்டு ஆட முடியவில்லை. பொம்மை ஊர்தான், ஆனாலும் ஒவ்வொரு வீட்டையும் நான்தானே வைத்தேன் என்ற எண்ணம் விடவில்லை.

இந்த வகை விளையாட்டைப் பிரபலமாக்கியது ‘சிம்சிட்டி’. வில் ரைட் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் 1989-இல் வெளியிட்டார். அதற்கு முன் அவர் செய்தது ஹெலிகாப்டரிலிருந்து தீவுகளைக் குண்டுவீசி அழிக்கும் விளையாட்டு. அந்தத் தீவுகளை வரைவது, அவற்றை அழிப்பதைவிட இன்பமாக இருப்பதை அவர் கண்டுகொண்டதிலிருந்து ‘சிம்சிட்டி’ பிறந்தது. எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும்.

இப்போது கட்டிக்கொண்டிருப்பது இரண்டாவது ஊர். இதில் ஓர் இரவுக்கு ஒரு தெரு. பச்சை பூசுகிறேன், அது நிரம்பும்வரை காத்திருக்கிறேன். முதலில் வந்தவர்களுக்குக் குழந்தை பிறந்து, அது பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அடுத்த தெரு. ஊரில் எல்லா வயதினரும் கலந்து இருக்கிறார்கள். இடுகாட்டிலிருந்து வண்டி போகிறது, ஆனால் ஒன்றோ இரண்டோதான். கணினியின் முன் உட்கார்ந்திருந்தால் இந்தப் பொறுமை எனக்கு வந்திருக்காது. அங்கே உட்கார்ந்தாலே நான்கு மணி நேரம் ஓடிவிடும். இங்கே குழந்தை சிணுங்கினால் ஆட்டம் அந்த நொடியே நிற்க வேண்டும். ஆகவே சின்ன வேலைகளாக எடுத்துக்கொள்கிறேன். போன வாரம் முழுவதும் ஒரே ஒரு சந்திப்பைத்தான் சரிசெய்தேன். சிக்னலை எடுத்துவிட்டு ரவுண்டானா போட்டேன். வளையத்தைச் சிறியதாகப் போட்டதால் சரக்கு லாரிகள் தேங்கி, வால் நெடுஞ்சாலைவரை நீண்டது. இடித்தேன். இரண்டு மடங்கு அகலத்தில் மறுபடி போட்டு, தொழிற்பேட்டைக்குத் தனியாக ஒரு வெளிவழியும் கொடுத்தேன். லாரிகள் நிற்காமல் வழுக்கிக்கொண்டு சுற்றத் தொடங்கியதும் அரை மணி நேரம் வேறு எதுவும் செய்யாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று ஆற்றின் அக்கரைக்கு அதன் முதல் பள்ளியைக் கட்டினேன். இக்கரைத் தெருக்களிலிருந்து அங்கே போக ஒரு பஸ் தடம் வேண்டும். ஒவ்வொரு நிறுத்தமாகக் குறித்தேன். கடைசி நிறுத்தம் பள்ளி வாசலில். தடத்தை முடித்ததும் பணிமனையிலிருந்து பஸ் கிளம்பியது. திரையை அதன் பின்னாலேயே நகர்த்திச் சென்றேன். முதல் நிறுத்தத்தில் நான்கு பேர் ஏறினார்கள். தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. பாலத்தில் ஏறும் நேரத்தில் தோளில் ஓர் அசைவு, பிறகு ஒரு சின்னக் குரல். ஸ்விட்சின் பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து நடக்கத் தொடங்கினேன்.

இன்று இரவு மறுபடி அழுத்தும்வரை அந்தப் பஸ் பாலத்தின் நடுவிலேயே நிற்கும், நான்கு பேரோடு.