சொத்து வரியோடு ஒரு வரி

வீட்டு வரி ரசீதைப் பலரும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். அதற்குள்ளேயே நூலக வரியும் இருக்கிறது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. நூறு ரூபாய் வரி கட்டினால் பத்து ரூபாய் நூலகத்துக்கு என்று தனியாக வசூலிக்கிறார்கள்.

இது இன்று நேற்று வந்ததல்ல. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதனின் முயற்சியால் 1948இல் வந்த மெட்ராஸ் பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு. ஆண்டுதோறும் பட்ஜெட்டில் கையேந்தாமல் நூலகத்துக்கென்று ஒரு நிலையான வரவு! அபாரமான யோசனை.

ஆனால் வசூலிப்பது உள்ளாட்சி. செலவழிப்பது மாவட்ட நூலக ஆணைக்குழு. நடுவில்தான் சிக்கல். உள்ளாட்சிகள் தங்கள் பற்றாக்குறையைச் சமாளிக்க இந்தப் பணத்தைக் கைமாற்றாமல் வைத்துக்கொள்ளும்; நிலுவை ஏறும். இன்னொரு கோளாறும் உண்டு: வரியே குறைவாக வரும் கிராமத்து மாவட்டங்களில் நூலக வரியும் சொற்பம்தான். அரசு மானியம் வராவிட்டால் அங்கே நூலகம் தள்ளாடும்.

எங்கள் கிளை நூலகத்தில் நாளிதழ் மேசையில் எப்போதும் கூட்டம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலையிலேயே ஜன்னலோர இருக்கைகளைப் பிடித்துவிடுகிறார்கள். பொது அறிவுப் புத்தகங்களோ அட்டை கிழிந்து, பழைய அமைச்சரவையோடு நிற்கின்றன. நாம் கட்டும் பணம்தானே? உங்கள் ஊராட்சியோ நகராட்சியோ நூலக வரி நிலுவை எவ்வளவு வைத்திருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பத்து ரூபாய்தான் கட்டணம். நான் மனு எழுதிவிட்டேன், நாளை அனுப்புகிறேன்.