எண்பது படுக்கையும் ஒரு தார்பாயும்

புரட்டாசியில் எங்கள் அந்தியூர்ப் பக்கம் பாதி வீட்டில் கறி எடுக்க மாட்டார்கள். காளானுக்கு அந்த மாதம்தான் கிராக்கி. அதைக் கணக்குப் பண்ணி ஆவணி முதல் வாரம் 40 பால் காளான் பை கட்டினேன். புரட்டாசி முழுக்க நான் விற்றது ஐந்து கிலோ. மீதியெல்லாம் பச்சைப் பூசணம் பிடித்துக் குழிக்குப் போனது. இப்போது பங்குனியில் நல்லபடியாகப் பறித்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் இதை எழுதவே மனசு வருகிறது.

வைக்கோலை வேக வைப்பது, ஈரம் பார்ப்பது, வித்து போடுவது எதிலும் எனக்குச் சிக்கல் இல்லை. இரண்டு வருஷம் சிப்பிக் காளான் போட்ட கை. ஆனால் சிப்பிக்கு மண் வேண்டாம். பால் காளான் மண் போர்த்தினால்தான் ஒழுங்காக மொட்டு விடும். வித்து பரவிப் பை முழுக்க வெள்ளையானதும் குறுக்கே இரண்டாக வெட்டி, மேலே இரண்டு சென்டிமீட்டருக்குப் போர்த்துகிற மண், அதாவது கேசிங் மண், போடணும். 40 பை, 80 படுக்கை. நான் மாட்டியது அந்த இரண்டு சென்டிமீட்டரில்.

அதற்கு முன்னாடியே ஒரு நாள் வீணானது. போனில் கேட்டபோது "வித்து இருக்குங்க, வாங்க" என்றார்கள். இரண்டு பஸ் மாறிப் போனால் சிப்பி வித்து மட்டும்தான் இருந்தது. "காளான் வித்துன்னுதானுங்க கேட்டீங்க?" என்கிறார். ரகத்தின் பேரைச் சொல்லியே கேளுங்கள்: ஏ.பி.கே. 2. அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்து ரகம், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்டது. வித்துப் பையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வித்து வளர்த்திருக்கிற சோளத்தின் மேல் ஒரு பச்சைப் புள்ளி இருந்தாலும் வாங்காதீர்கள்.

மண் பரிசோதனைக்குப் போனது தனிக் கூத்து. கேசிங் மண்ணின் பி.எச்., அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, 8ஐ ஒட்டி இருக்கணும், என் மண் எவ்வளவு என்று தெரிந்தால் போதும். "என்ன பயிர்?" என்றார் கவுண்டரில் இருந்தவர். காளான் என்றேன். பட்டியலில் காளான் இல்லையாம். சர்வே நம்பர் கேட்டார், காளான் குடில் இருக்கிறதே ஒன்றரை சென்ட்தான் என்றேன். பேனாவை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்தவர் பெரிய மனசு பண்ணி "தென்னை" என்று எழுதிக்கொண்டார். பத்து நாள் கழித்து வந்த சீட்டில் மரத்துக்கு எத்தனை யூரியா, எத்தனை பொட்டாஷ் என்று வரிசையாக இருந்தது. ஒரு மூலையில் பி.எச். 6.4. எனக்கு அது போதும். கால்சியம் கார்பனேட் கலந்து ஏற்றிக்கொண்டேன்.

டிரம்மில் ஒரு மணி நேரம் ஆவி காட்டி, தார்பாயில் கொட்டி ஆற வைத்து, மண் போட்டேன். நாலாம் நாள் மண்ணுக்கு மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. காளான் இழை ஏறிவிட்டது என்று அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, ஊறுகா மேல பூக்குமே, அதாட்டமல்ல இருக்குது" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறாம் நாள் காலையில் அந்த வெள்ளையின் நடுவிலிருந்து பச்சை கிளம்பியது. 80இல் 63 போச்சு. காளான் இழை மண்ணோடு மண்ணாக நூல் பின்னியது போல் ஏறும். பஞ்சு பிய்த்துப் போட்ட மாதிரி மேலாகப் படர்ந்தால் அது வேறு ஆள்.

மண் சரியாக வேகவில்லை என்று நினைத்து, அடுத்த 20 பைக்கு மூன்று மணி நேரம் வேக வைத்தேன். ராத்திரி முழுக்க ஆற விட்டேன். இந்தத் தடவை நாலாம் நாளே பச்சை. ஒரு படுக்கைகூட மிஞ்சவில்லை.

ஒரு டப்பாவில் அந்த மண்ணை எடுத்துக்கொண்டு பயிர் நோய் பார்க்கும் மேடம் ஒருவரிடம் போனேன். மூன்று மணி நேரம் என்றதும், "மண்ணுல ஒண்ணையும் விட்டு வைக்கல போல. ஆளில்லாத வீடாயிடுச்சு. மொதல்ல எது வந்து விழுதோ அதுக்குத்தான் அந்த வீடு" என்றார். குளிர்ப் பிரதேசத்தில் போடும் மொட்டுக் காளானில், கேசிங்கில் வாழும் சூடோமோனாஸ் புடிடா என்கிற பாக்டீரியா இருந்தால்தான் மொட்டு வருமாம். மொட்டைத் தடுக்கிற வாயுக்களைக் காளான் இழையே விடும், அதை இந்தப் பாக்டீரியா தின்று தீர்க்கும். நான் என்னவோ எல்லாக் கிருமியும் எதிரி என்று கொளுத்திக்கொண்டிருந்தேன்.

அப்புறம், "வேற என்ன பயிர் வெச்சிருக்கீங்க?" என்றார்.

"மஞ்சள்."

"கிழங்கழுகலுக்கு என்ன போட்டீங்க?"

"விரிடி."

"எங்க வெச்சுக் கலந்தீங்க?"

தார்பாயில்தான். ஆனியில் ஒரு கிலோ ட்ரைக்கோடெர்மா விரிடியைத் தொழு உரத்தில் கலந்து, தண்ணீர் தெளித்து, சாக்குப் போட்டு மூடி, பதினைந்து நாள் வளர்த்தேன். சாணியெல்லாம் பச்சைப் பச்சையாகப் பூத்ததும் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டதும் நானேதான். மஞ்சளில் அழுகல் பூஞ்சையைத் தின்கிற அதே சாதி, குடிலுக்குள் வந்தால் காளானைத் தின்கிறது. அதற்கு எல்லாம் பூஞ்சைதான். தார்பாயைக் கழுவினேனே என்று கேட்கலாம். ஓஸ் தண்ணீருக்கு அந்த மடிப்பிலும் கயிறு கட்டும் ஓட்டையிலும் இருக்கிற வித்துத் தூள் போகவே போகாது.

மார்கழி, தைக் குளிரில் பால் காளான் சரிப்படாது, 30 முதல் 35 டிகிரி சூடு வேணும். மாசிக் கடைசி வரை காத்திருந்தேன். இந்தத் தடவை விரிடி படாத கிணற்று மேட்டு மண். ஒரு மணி நேரம் மட்டும் ஆவி. வெளியே கொட்டவே இல்லை, டிரம்முக்குள்ளேயே மூடி போட்டபடி ஆறவிட்டு, மறுநாள் காலையிலேயே போட்டு முடித்தேன். மண்வெட்டி, சட்டி எல்லாம் புதுசு. 40 படுக்கையில் பச்சை வந்தது இரண்டே இரண்டு. அப்படி வந்தால் பதறித் தண்ணீர் தெளிக்காதீர்கள், தூள் குடில் முழுக்கப் பறக்கும். ஈரத் துணியைப் போட்டு மூடி, அப்படியே தூக்கிப் போய்ப் புதையுங்கள்.

ஒன்பதாம் நாள் விடிகாலை டார்ச் அடித்துப் பார்த்தபோது மண்ணுக்கு மேல் குண்டூசித் தலை மாதிரி மொட்டுகள். இந்த முறை அத்தையை நான் கூப்பிடவில்லை, அவரே வந்தார். "இது காளான்" என்று சொல்லிவிட்டுப் போனார். 200 கிராம் பாக்கெட் 50 ரூபாய்க்குப் போகிறது.

வைகாசியில் மறுபடி மஞ்சள் நடணும். விரிடி வாங்கியே ஆகணும், போன வருஷம் ஒரு கிழங்குகூட அழுகவில்லை. கலக்கிற வேலையை வீட்டுக்காரரிடம் விட்டாயிற்று. அந்தத் தார்பாயையும் எடுத்துக்கொண்டு தெற்குக் காட்டுச் சாளைக்கே போய்விடணும், குளிக்காமல் குடில் பக்கம் வரக் கூடாது. "உன்ற காளானுக்காக நான் ரெண்டு வாட்டி குளிக்கோணுமா?" என்கிறார்.

குளிக்கத்தான் வேணும்.